மக்கிய மரத்துண்டும் அதோடு வந்த சீட்டுகளும்

ஞாயிறு, லைடன்

மழையோடு வந்து இறங்கினேன். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் எதற்காக இந்தப் பயணம் என்று கேட்டார். மரத்தில் ஒட்டியிருக்கும் பூஞ்சைகளின் பழைய பொட்டலங்களைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. சரி, உங்களுக்காவது கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

காட்டில் விழுந்து கிடக்கும் கட்டையைப் புரட்டினால் அடிப்பக்கத்தில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ, சில சமயம் பளிச்சென்ற நீலமாகவோ ஒரு படலம் ஒட்டியிருக்கும், வெள்ளையடிக்கும்போது சிந்திய சுண்ணாம்பு மாதிரி. குடை கிடையாது, காம்பு கிடையாது. அதுதான் பொருக்குப் பூஞ்சை. காளான் தேடிப் போகிறவர்கள் கூட இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், படம் எடுக்க மாட்டார்கள். ஆனால் விழுந்த மரம் மண்ணாகும் வேலையில் இவற்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சிலது மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்ற பொருளையும் சேர்த்து உடைத்துவிடும், மிச்சம் வெளுத்து நார்நாராக இருக்கும், இது வெள்ளை மக்கல். சிலது செல்லுலோஸை மட்டும் எடுத்துக்கொண்டு லிக்னினை விட்டுவிடும், மரம் பழுப்பாகி சதுரம் சதுரமாக வெடித்து, கையில் எடுத்தால் பொடியாகும், இது பழுப்பு மக்கல்.

நான் கொஞ்ச காலமாக இந்தப் பூஞ்சைகளின் ஹெர்பேரியப் பதிவுகளை, அதாவது உலர்த்திச் சேர்த்து வைத்த மாதிரிகளின் பதிவுகளை, கணினியில் மேய்ந்துகொண்டிருக்கிறேன். ஒரு மாதிரிக்கு ஒரு வரி: பெயர், நாடு, ஆண்டு, எடுத்தவர். என்ன மரத்தில் இருந்தது என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'மக்கிய மரத்தில்' என்று இருக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே இருக்காது. மரத்தைத் தின்று வாழும் உயிரைப் பற்றிய பதிவில் அது தின்ற மரம் எது என்று இல்லாமல் என்ன பதிவு? அந்த ஒரு வரிக்குப் பின்னால் பொட்டலத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்தச் சுற்று. இங்கே லைடன், அப்புறம் லண்டனில் கியூ, கடைசியில் ஸ்வீடனில் கோத்தன்பர்க்.

திங்கள், லைடன்

இங்கே பழைய அரசு ஹெர்பேரியம் இப்போது நாச்சுராலிஸ் அருங்காட்சியகத்தோடு சேர்ந்துவிட்டது. நான் கேட்டிருந்தது பூஞ்சை ஆய்வாளர் பெர்சூனின் பெட்டிகளை.

கிறிஸ்டியான் ஹென்ட்ரிக் பெர்சூன் 1761-ல் நன்னம்பிக்கை முனையில் பிறந்து, சிறுவயதிலேயே படிப்புக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டவர். பிற்பாதி வாழ்க்கை பாரிஸில், ஏழ்மையில். 1825-ல் என் தொகுப்பு முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள், உயிரோடு இருக்கும்வரை எனக்கு ஒரு ஓய்வூதியம் கொடுங்கள் என்று நெதர்லாந்து அரச குடும்பத்திடம் கேட்டார், பேரம் படிந்தது. அவர் 1836-ல் பாரிஸிலேயே இறந்துபோனார், பூஞ்சைகள் லைடனுக்கு வந்தன. இன்று மேசையில் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது மனசுக்குள் ஓடியது என்னவோ அந்தப் பேரம்தான், பூஞ்சை இல்லை.

1794-ல் கார்ட்டிசியம் என்ற பேரினத்தை உருவாக்கியவர் இவர். அதற்கப்புறம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு நடந்த கூத்து இருக்கிறதே. தட்டையாக, வழவழப்பாக, மரத்தில் ஒட்டியபடி எது கிடைத்தாலும் கார்ட்டிசியத்தில் போட்டார்கள். பெர்சூனும் சரி, அவருக்குப் பின் வந்த எலியாஸ் ஃபிரீஸும் சரி, மேற்பரப்பைத்தான் பார்த்தார்கள்: வழவழப்பா, பல் பல்லாக இருக்கிறதா, துளை துளையாக இருக்கிறதா என்று. நுண்ணோக்கியில் தெரியும் அமைப்பை வைத்து வகைப்படுத்த வேண்டும் என்று பட்டூயார் 1900-ல் அழுத்திச் சொன்ன பிறகுதான் போக்கு மெல்ல மாறியது. டிஎன்ஏ வந்ததும் மிச்சமிருந்த ஒற்றுமையும் போய்விட்டது. பொருக்கு வடிவம் என்பது ஒரு குடும்பத்துக்கு உரியது கிடையாது, பூஞ்சைகளில் அது பலமுறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. வீட்டு உத்தரங்களைத் தின்னும் செர்ப்புலா லாக்ரிமான்ஸ், குடையும் காம்பும் உள்ள போலீட்டஸ் காளான்களுக்கு உறவு. பெனியோஃபோரா பொருக்குகள் ருஸ்ஸூலா காளான்களின் வரிசையில் இருக்கின்றன. பிளம் மரத்தில் வெள்ளியிலை நோய் உண்டாக்கும் காண்ட்ரோஸ்டீரியம் பர்ப்யூரியம் இருக்கிறதே, அதற்கும் முதலில் பெயர் வைத்தது பெர்சூன்தான், அது இன்று சாதாரணக் குடைக்காளான்கள் இருக்கும் அகாரிகேல்ஸ் வரிசையில். ஆக, 'கார்ட்டிசியம்' என்று ஒரு பழைய சீட்டில் இருந்தால் 'தட்டையாக ஏதோ ஒன்று' என்றுதான் படிக்க வேண்டும்.

அந்தக் காலத்துச் சீட்டுகளில் எழுத்து சில சொற்கள்தான். இடம் இருக்காது, தேதி இருக்காது, மரத்தின் பெயர் அபூர்வம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, இனத்துக்கு ஒரு உதாரணம் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். எந்த இடத்தில் எந்த நாளில் என்று இருநூறு ஆண்டுகள் கழித்து ஒருவன் வந்து கேட்பான் என்று அவர்கள் ஏன் நினைக்கப் போகிறார்கள்?

செவ்வாய், லைடன்

நாள் முழுக்க நுண்ணோக்கி. இதைச் செய்து பார்க்காதவர்களுக்காக எப்படி நடக்கிறது என்று எழுதுகிறேன், அவசரமாகப் படிக்கிறவர்கள் தாண்டிப் போகலாம்.

முதலில் வெட்ட அனுமதி வேண்டும். பெயருக்கே ஆதாரமாக இருக்கும் மூல மாதிரி என்றால் கேட்கும்போதே குரல் தானாகத் தாழ்ந்துவிடும். அனுமதி கிடைத்தால் சவர பிளேடால் பொருக்கில் 1 அல்லது 2 மில்லிமீட்டர் துணுக்கு எடுத்து, மேலிருந்து கீழாக முடிந்த அளவு மெல்லிசாகச் சீவ வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டால், நூறு ஆண்டுகளாகச் சப்பிக் கிடந்த இழைகள் ஊறி உப்பி வரும். ஹைமனோகீட்டி வகைகள் அந்தக் கரைசல் பட்டதுமே கறுத்துவிடும், அதுவே ஒரு அடையாளம். ஃப்ளாக்சின் சாயம் போட்டால் இளஞ்சிவப்பில் எல்லாம் எழுந்து நிற்கும். இழைகளின் குறுக்குச் சுவரில் கொக்கி மாதிரியான இணைப்பு இருக்கிறதா, வித்துகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டு மலட்டுச் செல்கள் இருக்கின்றனவா, அவற்றின் சுவர் தடித்ததா, மேலே படிகம் படிந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பிறகு இன்னொரு சீவலை மெல்சர் கரைசலில் போடுவது. அது அயோடின் கலந்த திரவம், சில வித்துகள் அதில் நீலக் கறுப்பாகும், சில செம்பழுப்பாகும், பல எதுவும் ஆகாது. எண்ணெய் மாதிரி உள்ளடக்கம் உள்ள செல்களைக் கறுக்க வைக்க கந்தக அமிலமும் வெனிலினும் சேர்ந்த கலவை ஒன்று இருக்கிறது, அதை அடுத்தவருடைய மேசையில் நான் தொடுவதில்லை.

இவ்வளவும் செய்த பிறகு வித்து ஒன்று கூடக் கிடைக்காமல் போகலாம். எடுத்தவர் வறண்ட காலத்தில் எடுத்திருப்பார், பொருக்கு அப்போது மலடாக இருந்திருக்கும். வித்து இல்லாமல் பல பேரினங்களில் இனம் சொல்லவே முடியாது. இதைவிடத் தொல்லை, ஒரே மரத்துண்டில் இரண்டு மூன்று பூஞ்சைகள் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்திருப்பது. கண்ணுக்கு ஒரே படலம், நுண்ணோக்கியில் பார்த்தால் இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் வேறொன்று. பொட்டலத்தின் மேல் ஒரு பெயர்தான் இருக்கிறது. அந்தப் பெயர் யாருடையது? கவனமான ஆள் என்றால் சம்பந்தப்பட்ட பகுதியைச் சிறு உறையில் தனியாகப் போட்டு வைத்திருப்பார், அல்லது பென்சிலால் வட்டம் போட்டிருப்பார். கணினிப் பதிவில் அந்த வட்டம் வராது.

இங்கே 1956-க்குப் பிறகு வேலை பார்த்த பூஞ்சை ஆய்வாளர் டோங்க். பெயர் விவகாரங்களில் அவருக்கு இணையாகச் சொல்ல எனக்கு யாரும் தோன்றவில்லை. கார்ட்டிசியம் என்ற பெயரைச் சுற்றியிருந்த குழப்பத்தில் அதன் இளஞ்சிவப்பு இனத்துக்கு 1956-ல் லேட்டிகார்ட்டிசியம் என்று புதுப் பேரினமே போட்டார். இப்போது அதை மறுபடி கார்ட்டிசியத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான இனங்களைச் சுமந்த பேரினத்தில் இன்று மிஞ்சியிருப்பது சின்னக் கூட்டம்தான்.

புதன், ரயிலில்

ரோட்டர்டாம் வழியாக லண்டன். கடலுக்கடியில் போகும்போது வெளியே பார்க்க ஒன்றுமில்லை, அதனால் நேற்றைய குறிப்புகளைச் சுத்தமாக எழுதினேன். வேறு சொல்ல எதுவுமில்லை.

வியாழன், கியூ

கியூ தாவரவியல் தோட்டத்துக்கு வருகிறவர்கள் கண்ணாடி மாளிகைகளைப் பார்ப்பார்கள். பூஞ்சைத் தொகுப்பு ஜோட்ரல் ஆய்வகத்தின் அடித்தளத்தில், பச்சைப் பெட்டிகள் வரிசை வரிசையாக. 12.5 லட்சம் மாதிரிகள் இருக்கின்றன, உலகத்தின் மிகப் பெரிய பூஞ்சைத் தொகுப்புகளில் ஒன்று. குளிர்ச்சியான, வாசனையே இல்லாத இடம். வாசனை இல்லாததில் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் பழைய ஹெர்பேரியங்களில் பூச்சிக்காக அடித்த மருந்துகள் சாமானியமானவை இல்லை, பாதரச உப்பு கூட உண்டு. இப்போதெல்லாம் வெளியிலிருந்து வரும் பொட்டலத்தை உறைகுளிரில் சில நாள் வைத்த பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். உலர்ந்த பூஞ்சை என்றால் ஸ்டெகோபியம் வண்டுக்கு உயிர்.

இந்தத் தொகுப்பின் அடிப்படை மைல்ஸ் ஜோசப் பெர்க்லி. பாதிரியார். உருளைக்கிழங்குக் கருகல் நோய்க்குக் காரணம் பூஞ்சை போன்ற ஓர் உயிர்தான் என்று 1846-ல் வாதாடியவர், 1879-ல் தன் தொகுப்பைக் கியூவுக்குக் கொடுத்தார். அவருக்கு உலகம் முழுவதிலிருந்தும் பொட்டலங்கள் வந்தன. இலங்கையில் பேராதனைத் தோட்டத்திலிருந்து த்வெய்ட்ஸ் அனுப்பியவற்றை வைத்து பெர்க்லியும் புரூமும் 1870-களில் இலங்கைப் பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டார்கள். அதில் பொருக்குகளும் உண்டு. எடுத்தவர் ஒருவர், பெயர் வைத்தவர் வேறொருவர், நடுவில் ஒரு சமுத்திரம். பெயர் வைத்தவர் அந்த மரத்தைப் பார்த்ததே இல்லை. வெப்பமண்டலப் பொருக்குகளின் பழைய பதிவுகளில் மரத்தின் பெயர் காணாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். காட்டிலேயே எழுதாவிட்டால் அப்புறம் எழுத ஆளே இல்லை.

இன்று என்னை உட்கார வைத்தது வேக்ஃபீல்ட் பார்த்த பெட்டிகள். எல்சி வேக்ஃபீல்ட் 1910-ல் இங்கே சேர்ந்து 1951-ல் ஓய்வு பெற்றவர், பொருக்குப் பூஞ்சைகளே அவருடைய முக்கிய வேலை. நாற்பது ஆண்டுகள் ஒருவரே ஒரு குழுவைப் பார்த்தால் என்ன ஆகும் என்பது பெட்டியைத் திறந்தால் தெரியும். அவருக்கு முந்தையவர்கள் எழுதியதை யாரும் கிழித்துப் போடவில்லை. இது இந்தத் தொழிலில் ஒரு மரியாதை: முந்தைய சீட்டை எடுக்கக் கூடாது, பக்கத்தில் உன் சீட்டை ஒட்டு, பெயரும் தேதியும் போடு. ஆச்சரியக்குறி ஒன்று மட்டும் இருந்தால் 'நானே பார்த்தேன்' என்று பொருள். அதனால் ஒரு பொட்டலத்தில் நாலைந்து சீட்டுகள், நூறு ஆண்டு நீளத்துக்கு ஒரு வாக்குவாதம். ஒருவர் ஒரு பெயர் சொல்கிறார், முப்பது ஆண்டு கழித்து வந்தவர் மறுக்கிறார், அதற்கும் பின்னால் வந்தவர் முதல் ஆள் சொன்னதே சரி என்கிறார். இணையத்தில் இந்த மாதிரியைத் தேடினால் கடைசிச் சீட்டு மட்டும் பெயராக வரும், அதுவும் யாராவது அதைத் தட்டச்சு செய்திருந்தால்.

வெள்ளி, கியூ

இன்றைக்கு மரத்தைப் பார்த்தேன். பூஞ்சையை விட்டுவிட்டு.

பெனியோஃபோராவில் மரம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெனியோஃபோரா குவெர்சினா ஓக் கிளைகளில், லிமிட்டாட்டா ஆஷ் மரத்தில், ரூஃபோமார்ஜினாட்டா லிண்டன் மரத்தில். கிளையிலேயே இருக்கும்போது பட்டை ஓரத்தையும் நிறத்தையும் பார்த்துச் சொல்லிவிடலாம், பொட்டலத்தில் சுருங்கிச் சாம்பலாகக் கிடக்கும்போது மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வுயிலமினியா கமெடன்ஸ் இன்னொரு வகை, ஓக் கிளையின் பட்டைக்கு அடியில் வளர்ந்து பட்டையையே சுருட்டித் தள்ளிவிடும். அதைச் சரியாக எடுத்தவருடைய பொட்டலத்தில் சுருண்ட பட்டையும் கூடவே இருக்கும். எனக்குப் பிடித்தது ஹைமனோகீட்டி கொருகாட்டா. ஹேசல் புதரில் காய்ந்த குச்சி கீழே விழும்போது வழியில் இன்னொரு கிளையில் தட்டினால் அங்கேயே கறுப்பாக ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. தரையில் விழுந்தால் அங்கே இருக்கும் மற்றப் பூஞ்சைகளோடு போட்டி போட வேண்டும், அந்தரத்திலேயே பிடித்துவிட்டால் குச்சி முழுக்க அதற்கே. இந்த மாதிரியை எடுக்கிறவர் ஒட்டிய இடத்தை இரண்டு குச்சியோடும் சேர்த்து வெட்டியிருந்தால் கதை முழுவதும் பொட்டலத்தில் இருக்கிறது. அழகாகத் தெரிய வேண்டும் என்று பொருக்கை மட்டும் மெல்லிசாகச் சீவி எடுத்திருந்தால், போச்சு.

சீட்டில் மரம் இல்லாவிட்டால் என்ன, மரத்துண்டு இருக்கிறதே என்று தோன்றியது. அதிலும் ஒரு சீவல் எடுத்துப் பார்த்தால் குறைந்தபட்சம் ஊசியிலை மரமா அகன்ற இலை மரமா என்று சொல்லிவிடலாம். ஊசியிலை மரங்களில் நீர் கடத்தும் நாளங்கள் இருக்காது, டிரக்கீடு என்ற நீண்ட செல்கள் மட்டும். ஓக் என்றால் மரத்தின் நடுவிலிருந்து வெளியே ஓடும் அகலமான கதிர்க்கோடுகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். பழுப்பு மக்கல் முற்றியிருந்தால் கஷ்டம், ஆனால் அப்போது முனைவாக்கிய ஒளியில் பார்த்தால் செல்சுவர்கள் மின்னாது, செல்லுலோஸ் போய்விட்டது என்பதற்கு அது சாட்சி, ஆக மக்கலின் வகையாவது தெரிகிறது. இதையெல்லாம் யாரும் செய்வதில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பூஞ்சைக்காரர்கள் பொட்டலத்தைத் திறந்ததும் மரத்தைப் பிடிமானமாகத்தான் பார்க்கிறார்கள்.

இதற்கு ஒரு எதிர்ப்பேச்சும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். மரத்தில் ஒட்டியிருப்பதெல்லாம் மரத்தைத் தின்னவில்லை. டோமென்டெல்லா பொருக்குகள் மக்கிய கட்டையின் அடியில்தான் எப்போதும் கிடைக்கும், சீட்டிலும் அப்படியே எழுதியிருக்கும். உண்மையில் அவை உயிருள்ள மரங்களின் வேரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் பூஞ்சைகள், கட்டை வெறும் கூரை. அங்கே எழுத வேண்டியது பக்கத்தில் நிற்கும் மரத்தின் பெயரை.

சனி

தொகுப்பகம் கிடையாது. துணிகளை மடித்தேன், குறிப்புகளை மடித்தேன்.

திங்கள், கோத்தன்பர்க்

நேற்று விமானம், இன்று டிராம், மறுபடி மேசை.

பொருக்குப் பூஞ்சைக்காரர்களுக்கு இந்த ஊர் என்றால் ஜான் எரிக்சன். 1958-ல் வட ஸ்வீடனின் முட்டுஸ் தேசியப் பூங்காவிலிருந்து எடுத்த பூஞ்சைகளைப் பற்றி எழுதியவர், அப்புறம் ஹியோர்ட்ஸ்டாம், ரிவார்டன், லார்சன் ஆகியோரோடு சேர்ந்து வட ஐரோப்பாவின் பொருக்குகளை 8 தொகுதிகளாக, 1973 முதல் 1988 வரை வெளியிட்டவர். அதன் வரைபடங்கள் இல்லாமல் இந்தத் துறையில் யாரும் நுண்ணோக்கி முன் உட்காருவதில்லை, நானும்தான். ஒவ்வொரு இழையும் எங்கே கிளை விடுகிறது, வித்து எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று கோட்டோவியத்தில் இருக்கும். படம் எடுக்கும் கேமரா ஒரு தளத்தை மட்டும் கூர்மையாகக் காட்டும், வரைகிறவரோ நுண்ணோக்கியின் குமிழைத் திருகித் திருகி எல்லாத் தளத்தையும் ஒரே படத்தில் கொண்டுவந்துவிடுகிறார். அதனால்தான் இத்தனை கேமரா வந்த பிறகும் பொருக்குக்காரர்கள் வரைவதை விடவில்லை.

பெர்சூன் காலத்துச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு இந்த நூற்றாண்டுக்காரர்களின் சீட்டுகளைப் பார்த்தால் கண் நிறைகிறது. மரம், விழுந்ததா நிற்பதா, பட்டை இருந்ததா, காடு எப்படிப்பட்டது, எண், தேதி. சீட்டு நீளமாக நீளமாக அதை எழுதியவர் மேல் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

செவ்வாய், கோத்தன்பர்க்

கடைசி நாள். காலையில் டிஎன்ஏ பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பூஞ்சைகளுக்கான அடையாளப் பகுதியாக ஐடிஎஸ் என்ற துண்டை 2012-ல் முறைப்படி ஏற்றுக்கொண்டார்கள். புதிய மாதிரியில் முழுசாகக் கிடைக்கும், பழையவற்றில் டிஎன்ஏ நொறுங்கிப் போயிருப்பதால் அதில் பாதி கிடைத்தாலே அதிர்ஷ்டம். கிடைக்கும்போது வருகிற செய்தி பெரும்பாலும் தலைவலிதான். கட்டடங்களில் பழுப்பு மக்கல் உண்டாக்கும் கோனியோஃபோரா பூட்டியானா ஒரே இனம் என்று நினைத்திருந்தார்கள், மரக்காப்பு மருந்துகளைச் சோதிக்க ஆய்வகங்களில் வளர்ப்பதும் அந்தப் பெயரில் உள்ளதைத்தான். 2007-ல் அதற்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பல இனங்கள் ஒளிந்திருப்பது தெரியவந்தது. அப்படியென்றால் அந்தப் பெயரில் உலகம் முழுக்க இருக்கும் பழைய பதிவுகள் எதைச் சொல்கின்றன? பொட்டலம் இருந்தால் திரும்பப் பார்க்கலாம். வெறும் பட்டியலில் பெயர் மட்டும் இருந்தால் பார்க்க எதுவும் இல்லை. அதனால்தான் பொருக்குகளைப் பொறுத்தவரை, மாதிரி எடுத்து வைக்காத பதிவுக்கு நான் அதிக மதிப்புத் தர மாட்டேன். கறாராக இருக்கிறது என்று தோன்றினால் தோன்றட்டும்.

மதியம் நான் கேட்டிருந்த 'மக்கிய மரத்தில்' பொட்டலங்கள் கொஞ்சம் மிச்சமிருந்தன. பொறுப்பாளரிடம் கேட்டு மரத்திலும் சீவல் எடுத்தேன். ஒன்றில் பொருக்கு முழுக்க மலடு, வித்தும் இல்லை, வித்து தாங்கும் செல்லும் இல்லை. மரத்தில் நாளங்கள் இல்லை, டிரக்கீடு மட்டும். சீட்டு எழுதினேன்: பூஞ்சை, மலடு, முந்தைய பெயரை உறுதி செய்யவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. மரம், ஊசியிலை மரம், பெயர், தேதி. அதை முந்தைய சீட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தோம். டார்வின் கோர் என்று இந்தப் பதிவுகளுக்கெல்லாம் பொதுவான ஒரு தகவல் அமைப்பு இருக்கிறது, அதில் வாழிடத்துக்குக் கட்டம் உண்டு, கூடவே இருந்த உயிருக்குக் கட்டம் உண்டு. ஆனால் எடுத்தவர் எழுதாததை இன்னொருவர் பல ஆண்டுகள் கழித்துப் பொட்டலத்திலேயே கண்டுபிடித்தால் எங்கே போடுவது? எடுத்தவருடைய வார்த்தையோடு கலந்துவிடக் கூடாது என்பதில் பொறுப்பாளர் உறுதியாக இருந்தார், எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. கொஞ்ச நேரம் மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, என் பெயரோடு 'குறிப்புகள்' கட்டத்தில் போட்டார்.